கையெழுத்துப் போட்டது நான்

சின்னவளுக்கு இந்த வருடம் முதல் நன்மை, பூசையில் நற்கருணை அப்பத்தை முதல் தரம் வாங்கும் நாள். பங்கில் பெயர் பதிய ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் முக்கியமான கடதாசிகள் எல்லாம் அலுமாரி மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள்தான் இருக்கும். டின்னைக் கட்டிலில் கவிழ்த்தேன். காணி உறுதியின் போட்டோக் கொப்பி, மாமியின் கண் கிளினிக் கொப்பி, மூத்தவனின் தடுப்பூசி அட்டை, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத இரண்டு திறப்புகள். பத்திரம் கிடைத்தது. அதோடு ஒட்டிக்கொண்டு, நாலாக மடித்த இன்னொரு தாளும் வந்தது.

2010இல், கலியாணத்துக்கு முதல், நான் எழுதிக் கொடுத்த வாக்குறுதியின் பிரதி அது. என் விசுவாசத்தில் நிலைத்திருப்பேன், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதெல்லாம் செய்வேன். இவ்வளவுதான் விசயம். கீழே வாலை நீட்டி ஒரு கையெழுத்து. இப்போது நான் அப்படிப் போடுவதில்லை.

மனைவி சைவம். அன்றும் சைவம், இன்றும் சைவம். அப்படிக் கலியாணம் செய்ய ஆயரின் அனுமதி வேண்டும், அனுமதிக்கு இந்த வாக்குறுதி வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1125ஆம் இலக்கம். வாக்குக் கொடுக்க வேண்டியது கத்தோலிக்கத் தரப்பு மட்டும். மற்றவருக்கு விசயத்தை அறிவித்தால் போதும். 1917ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பேருமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். ஆறாம் பவுல் பாப்பரசர் 1970இல் அதைத் தளர்த்தினார். பாதர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். அவளிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி. அவளுக்கோ கோபம்.

"அப்ப என்னட்ட ஒரு சொல்லும் கேக்க மாட்டீங்களா பாதர்? பெறப்போறது நான்."

பாதர் சிரித்துவிட்டு, "சொல்ல இருந்தா சொல்லுங்க பிள்ளை" என்றார்.

"இவர் செய்யாட்டி நான் செய்விப்பன்."

அது தாளில் ஏறவில்லை. ஆனால் இந்தப் பதினைந்து வருடமாக எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருப்பது அந்த வாக்குத்தான்.

அவளை முதலில் கண்டது ஒரு முகாமில். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்து வரும் ஞாயிறு எங்களுக்குத் திருக்குடும்பத் திருநாள். அன்று காலைப் பூசையில் வாசித்தது மத்தேயு இரண்டாம் அதிகாரம். யோசேப்பின் கனவில் தூதன் வந்து, எழும்பு, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடு என்று சொல்லும் இடம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கடல் வந்துவிட்டது என்று ஒழுங்கையால் ஆட்கள் ஓடினார்கள். அதே நேரத்தில் திருகோணமலைச் சாம்பல்தீவுப் பக்கம் மாமி, அவளின் தாய், இரண்டு பிள்ளைகளை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தா. இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை. பொருத்தினால், ஓட முடியாமல் போனவர்களுக்கு யார் கனவில் வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பங்கு இளைஞர்களோடு உலர் உணவுப் பொதி கொண்டு போனேன். பாடசாலை மண்டபத்தில் பெயர்ப் பதிவுக் கொப்பியோடு இருந்த பிள்ளை, ஒரே குடும்பத்துக்கு இரண்டு தரம் பொதி கொடுத்துவிட்டேன் என்று எல்லாருக்கும் முன்னால் என்னை ஏசினாள். அவள்தான்.

மாமா லேசில் சம்மதிக்கவில்லை. "உங்கட ஆக்கள்தானே தம்பி கோணேசர் கோவிலை இடிச்சுக் கோட்டை கட்டினது?" என்று கேட்டார். நானூறு வருடத்துக் கணக்கு. போர்த்துக்கேயர் இடித்தது உண்மை. கோவில் கல்லை எடுத்துத்தான் கோட்டை கட்டினார்கள் என்பதும் திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் பூட்டனாரின் பூட்டனார் அன்று எந்தப் பக்கம் நின்றாரோ, எனக்கென்ன தெரியும். "ஓம் மாமா" என்றேன். மறுத்துப் பேசாமல் ஓம் என்றதுதான் அவருக்குப் பிடித்தது என்று மாமி பிற்பாடு சொன்னா.

அம்மா இருக்கும்வரை வீட்டில் செபம் என் பொறுப்பாக இருக்கவில்லை. பின்னேரம் ஏழு மணி என்றால் அம்மா சுரூபத்துக்கு முன்னால் பாயைப் போட்டுவிடுவா. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிச் செபம், அதில் ஒரு மணி குறையாது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய நாட்களில், கோவில் மண்டபத்தில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஐம்பது அறுபது பேர் படுத்துக் கிடந்தபோதும் குறையவில்லை. அம்மாவின் செபம் பழைய செபம். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அவ தொடங்குவா. நாங்கள் புதிய முறையில் "புனித மரியே, இறைவனின் தாயே" என்று முடிப்போம். நாங்கள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினால், "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று அவ முடிப்பா. ஒரே செபமாலை, இரண்டு காலத்துத் தமிழ். 2002இல் பாப்பரசர், செபமாலையில் தியானிக்கும் மூன்று வகை மறைபொருட்களோடு ஒளியின் மறைபொருட்களையும் சேர்த்தபோது அம்மா அதைக் காதிலேயே போடவில்லை. "சந்தோசம், துக்கம், மகிமை. மனுசருக்கு இது மூண்டும் காணும்."

மாமா செத்த பிறகு மாமி எங்களோடு வந்துவிட்டா. முதல் கிழமை, விறாந்தையில் இருந்து அம்மா செபிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவ, முடிந்ததும் மகளிடம் சொன்னா: "சம்பந்தியம்மா ஈசுரனைத்தான் கூப்பிடுறா. சர்வேசுரன் எண்டுதானே சொன்னவ?" கோணேசுவரன், சர்வேசுரன். எங்கள் பழைய ஆட்கள் கடவுளுக்கு வைத்த பெயருக்குள் ஈசுவரன் இருப்பது, நாற்பது வருடம் அதைச் சொல்லி வளர்ந்த எனக்குத் தட்டவில்லை. பக்கத்தில் இருந்து கேட்ட மாமிக்குத்தான் தட்டியது.

2018இல் அம்மா போனா. செபமாலை என் கைக்கு வந்தது. அதோடு சனியனும் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வாக்குக் கொடுத்தவன் அல்லவா? ஏழு மணிக்கு மணி அடித்தாற்போல் எல்லாரும் பாயில் இருக்க வேண்டும், டிவி இல்லை, போன் இல்லை, ஐம்பத்து மூன்றும் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். நடந்தது வேறு. மூத்தவன் ரியூசன் முடிந்து வர ஏழரை ஆகும். சின்னவள் மூன்றாம் பத்தில் தூங்கி விழுவாள். நான் நடுவில் நிறுத்தி ஏசுவேன். "இப்பவும் எப்பொழுதும்" என்று சொல்லும் அதே வாயால் "நிமிர்ந்து இரு" என்று அதட்டுவேன். ஒரு நாள் மூத்தவன் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "அப்பா, செபம் முடிஞ்ச உடன நீங்க ஏன் எப்பவும் கோவமாவே இருக்கிறீங்க?" பதில் சொல்லாமல் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு காலம் மட்டும் தானாக நன்றாக நடந்தது. 2022 தவக்காலம். நாட்டில் கரண்ட் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். போன் செத்துக் கிடக்கும், காற்று வராது, செய்ய ஒன்றுமில்லை. பிள்ளைகளே வந்து "அப்பா, செபம் சொல்லுவமா?" என்று கேட்டார்கள். ஒரு மெழுகுதிரி, சுவரில் ஐந்து நிழல். எனக்கு 1990 ஞாபகம் வந்தது. கரண்ட் திரும்பி வந்ததும் அந்தப் பக்தியும் கரண்ட்காரனோடு போய்விட்டது. அதற்காகக் கரண்டை வெட்டச் சொல்லிச் செபிக்கவா முடியும்?

அதற்குப் பிறகு மனைவி தலையிட்டாள். செபிக்காதவள், ஆனால் ஒரு நாளும் எழும்பிப் போகாமல் பாயின் ஓரத்தில் இருந்தவள். "ஐம்பத்து மூண்டும் வேண்டாம், மாலையில ஒரு பத்து மணி போதும். ஆளுக்கொரு கருத்துச் சொல்லட்டும். செபத்துக்குள்ளயும் ஏசக் கூடாது, முடிஞ்சு ஒரு மணித்தியாலத்துக்கும் ஏசக் கூடாது." கடைசி நிபந்தனை எனக்கென்றே போட்டது. ரியூசன் நாளில் எட்டு மணிக்கு, இல்லாத நாளில் ஏழுக்கு. உலையை இறக்கிவிட்டு அவளே கூப்பிடுவாள்: "இஞ்ச வாங்க எல்லாரும், பத்து மணி." மாமியும் வருவா, நெற்றியில் திருநீற்றோடு. பத்து மணி என்பதால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மா இருந்தால் இதைச் செபம் என்றே எண்ணியிருக்கமாட்டா.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டதும். அண்ணன் டொராண்டோவில். அம்மா போன பிறகு காணி விசயத்தில் ஒரு சொல் கூடிப் போய், இரண்டு வருடத்துக்கு மேலாக நாங்கள் கதைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மூத்தவன் "எங்கள் தந்தையே" சொல்லிக்கொண்டு போனான். எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல என்ற இடத்தில் நிறுத்தினான். மறந்துவிட்டான் என்று நினைத்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன்.

"தெரியும் அப்பா. நீங்க பெரியப்பாவோட கதைக்கிறேல்லைதானே? அப்ப இத நாங்க என்னெண்டு சொல்லுறது?"

குத்திக் காட்டவில்லை. கணக்கில் ஒரு வரி பிழைத்தால் கேட்பது போலத்தான் கேட்டான். மாமி குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தா. ஒரு மணித்தியாலத்துக்கு ஏசக் கூடாது என்ற சட்டம் வேறு.

எங்கள் பழைய வீட்டுச் சுவரில் சட்டம் போட்ட ஒரு வாசகம் தொங்கியது: சேர்ந்து செபிக்கும் குடும்பம் சேர்ந்து வாழும். குடும்ப செபமாலையை உலகம் முழுக்கப் பரப்பிய பாட்ரிக் பெய்ட்டன் அடிகளார் எங்கும் சொல்லிப் பரப்பிய வாசகம் அது. சண்டைக்காலம் முழுக்க அதற்குக் கீழேதான் இருந்து செபித்தோம். பிறகு அண்ணன் கனடா, அக்கா பிரான்ஸ், நான் இங்கே. சேர்ந்து செபித்தோம், சேர்ந்து வாழக் கிடைக்கவில்லை. வாசகத்தில் பிழையில்லை, நாட்டில்தான் பிழை என்று சொல்லித் தப்பியிருப்பேன். ஆனால் டொராண்டோவுக்குப் போன் எடுக்க நாடு குறுக்கே நிற்கவில்லையே.

அடுத்த நாள் விடியவே எடுத்தேன். அங்கே இரவு. அண்ணன், "யாரும் செத்துப்போச்சினமா?" என்றுதான் முதலில் கேட்டான். இல்லை என்றேன். அப்புறம் பாரை மீன் விலை, அங்கே பனி, மூத்தவனின் படிப்பு என்று இருபது நிமிடம் போனது. காணியைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. காணி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. உறுதியின் கொப்பி டின்னுக்குள்.

மாமி வந்த முதல் தவக்காலத்தில் ஒரு மச்ச விவாதம் நடந்தது. எங்களுக்குத் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி இல்லை, மீன் சாப்பிடலாம். மாமிக்கு எந்த வெள்ளியும் மரக்கறிதான். நான் நல்ல பிள்ளையாக, "இண்டைக்கு எங்களுக்கும் மச்சம் இல்லை மாமி" என்று சொல்லிக்கொண்டு சந்தையில் வாங்கிய சூரையைக் கொடுத்தேன். மாமி மீனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"தம்பி, மச்சம் எண்டாலே மீன்தானே. இது மச்சம் இல்லாட்டி வேற எது மச்சம்?"

சட்டத்தின்படி நான் சரி, தமிழின்படி மாமி சரி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் மரக்கறி, தவக்காலம் என்றாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. பாப்பரசர் கேட்டதைவிட இறுக்கமான விரதத்தை என் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பிடிக்கிறார்கள், ஒரு சைவக் கிழவியின் தயவில்.

நத்தாருக்கு இயேசு பிறந்த குடிலாகக் கட்டும் பாலன் கூட்டுக்குப் புல் வளர்ப்பதும் மாமிதான். ஒரு நத்தாருக்கு நான் நெல்லை ஊறப்போட்டு அழுக வைத்துவிட்டேன். நவராத்திரிக்குக் கும்பத்தைச் சுற்றி நவதானியம் முளைக்கப்போட்டே பழகிய கை, சிரட்டையில் குருமணல் போட்டு, அளவாகத் தண்ணீர் தெளித்து, பத்து நாளில் பச்சைப் பசேலென்று கொண்டுவந்து வைத்தது. சின்னவள் ஆடு மாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிமானும் வைத்தாள். பெத்லகேமில் மான் ஏது என்றேன். எங்கட ஊரில் இருக்குதானே என்றாள். கோட்டைக்குள்ளும் கடற்கரை வீதியிலும் கடதாசி தின்றுகொண்டு திரியும் மான்களைக் கண்ட பிள்ளைக்கு என்ன சொல்ல? விட்டுவிட்டேன்.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. கொச்சிக்கடையும் கட்டுவாப்பிட்டியும் எங்களுக்கு டிவியில் பார்த்த இடங்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் அப்படியல்ல. அங்கே செத்தவர்களில் ஞாயிறு மறைப்பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவனுக்கு அப்போது ஏழு வயது. அடுத்த ஞாயிறு பூசை இல்லை. கர்தினால் வைத்த பூசையை டிவியில் பார்த்தோம். மனைவி டிவிக்கு முன்னால் மேசையை இழுத்து, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தினாள். யாரும் கேட்கவில்லை.

கோவில் திறந்த முதல் ஞாயிறு நான் தயங்கினேன். வாக்குறுதிக்காரன்தான் தயங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது? "நான் மட்டும் போய்ட்டு வாறன், பிள்ளை நிக்கட்டும்" என்றேன். அவள் மூத்தவனுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். "இப்ப நிப்பாட்டினா பிறகு எதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவீங்க?" சின்னவளை மாமியிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் பையைச் சோதித்துக்கொண்டு நின்ற ஆமிக்காரனுக்குப் பக்கத்தில், வெயிலில், பூசை முடியும்வரை நின்றாள். ஒன்றே கால் மணித்தியாலம். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "தண்ணிப் போத்தல் கொண்டுவந்திருக்கலாம்" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

அதனால்தான், போன மாதம் சின்னவள் மறைக்கல்வி முடிந்து வந்து அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் மோட்சத்துக்குப் போகமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்ப அம்மா வரமாட்டாவா?"

எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இந்து சமயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அந்தச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமானது எதையும் திருச்சபை ஒதுக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவரும், மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடினால் மீட்படையலாம் என்று அதற்கு முதல் வருடமே சொல்லியாயிற்று. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் சங்க ஏடுகளோடு நிற்க முடியுமா? தொண்டையைச் செருமினேன். அதற்குள் குசினிக்குள் இருந்து பதில் வந்துவிட்டது.

"நான் வராட்டி அங்க உனக்கு ஆர் தலை இழுக்கிறது?"

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். தலை இழுக்க மாதா இருக்கிறா என்று சொல்வாளோ என்று பார்த்தேன். இல்லை. "அப்ப நீங்களும் வரத்தான் வேணும்" என்று முடிவு சொல்லிவிட்டு விளையாடப் போனாள். மறைக்கல்வி ஆசிரியரோடு ஒரு நாள் நான் கதைக்க வேண்டும். கோபமாக அல்ல, அந்த ஒரு மணித்தியாலச் சட்டத்தை அங்கேயும் கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.

டின்னில் எடுத்த தாளை மனைவியிடம் காட்டினேன். வாசித்தாள். "இயன்றதெல்லாம்" என்ற சொல்லில் விரலை வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதே மடிப்பில் மடித்து டின்னுக்குள் போட்டுவிட்டு, ஞானஸ்நானப் பத்திரத்தை மட்டும் என் கையில் தந்தாள்.

நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்து வந்தபோது குசினியில் இரண்டு பேரும் நின்றார்கள். நற்கருணை வாங்கும்போது கை நடுங்கிக் கீழே போட்டுவிடுவேனோ என்று சின்னவளுக்குப் பயமாம், பழக்க வேண்டுமாம். மேசையில் ஒரு பொரிக்காத பப்படம், பக்கத்தில் சோடாப் போத்தல் மூடி. மூடியால் அழுத்தி வட்டம் வட்டமாக வெட்டி ஒரு கோப்பைக்குள் போட்டிருந்தாள் மனைவி.

"இப்பிடிச் செய்யிறது பிழையா?" என்று என்னைக் கேட்டாள்.

"பழகத்தானே" என்றேன்.

சின்னவள் இடது கையை மேலே, வலது கையைக் கீழே வைத்து நீட்டினாள். அவள் அம்மா சேலை நுனியில் கையைத் துடைத்துவிட்டு, ஒரு வட்டத்தை இரண்டு விரலால் எடுத்து, பாதர் உயர்த்துவது போலவே உயர்த்தினாள். பின்னால் விறாந்தையில் மாமி சாமி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தா.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்."

வாயில் வைத்தாள். முகம் கோணியது.

"உப்பா இருக்கு அம்மா."

"சும்மா இரு. அடுத்ததுக்குக் கையை நீட்டு, இன்னும் கொஞ்சம் உயத்தி."